ஜெயக்கொடி அக்கா பார்க்காத பூ

பூ விட்டுவிட்டது என்று சொல்லத்தான் வெள்ளையன் அண்ணன் முதலில் போன் செய்திருக்கிறார். கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி இருக்கும் அவருடைய ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பாறை மேட்டில் ஏறி நின்றுதான் பேச வேண்டும். பொங்கல் முடிந்து சில நாட்களே ஆகியிருந்த அந்தக் காலையில், பனி விலகுவதற்கு முன்பே மேட்டில் ஏறி ஜெயக்கொடி அக்காவின் எண்ணை அழைத்திருக்கிறார். எடுத்தது அக்காவின் தம்பி. அடுத்த அழைப்பு எனக்கு வந்தது.

"தங்கச்சி, அக்கா போயிட்டாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? பூவு வுட்டுகிச்சுன்னு சொல்லலாம்னுதான் நான் போன் போட்டேன்."

நான் விழுப்புரத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவரை அப்படியே காத்திருக்கச் சொல்லிவிட்டு அக்காவின் தம்பியை அழைத்தேன். விடியற்காலையில் மார்வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். திரும்ப வெள்ளையன் அண்ணனை அழைத்து, நிஜம்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.  அவர், "அப்ப பூவ யாரு வந்து பாப்பாங்க?" என்று கேட்டார்.

அக்காவின் கடையில் துணி எடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பூ விவகாரம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டமான பிறகு புது அலுவலகங்கள் வந்தன. அவற்றோடு லினன் புடவை கட்டும் பெண்களும் வந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அக்காவின் கடைக்கும் லினன் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதை அவர் விற்ற விதம் உங்களுக்கு நினைவிருக்கும். புடவையைப் பிரித்துக் காட்டமாட்டார். முந்தானையை முதலில் கைக்குள் வைத்துப் பிழிவது போலக் கசக்குவார். பிறகு விரித்து மேசைமேல் போடுவார்.

"இத மொதல்ல பாத்துக்கோங்க மேடம். காலைல கட்டினு ஆபீசு போனா மத்தியானம் மடி பூரா இப்படித்தான் இருக்கும். அப்புறம் வந்து, இன்னா ஜெயக்கொடி ஏமாத்திட்டேன்னு கேக்கக் கூடாது."

"விக்கிறீங்களா, வெரட்டுறீங்களா?"

"ரெண்டும்தான். இதுக்கு மேலயும் வாங்குனா நீங்க நம்ம ஆளு."

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் புத்தகம் படிப்பேன். அதனால் என் பெயர் போய், 'லைப்ரரி' என்று ஆகிவிட்டது. "ஏ லைப்ரரி, மூடு. ஆளு வந்துருக்காங்க." கடைசிவரை அந்தப் பெயர்தான்.

ஒரு நாள் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகளோடு வந்தார். மகளுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. அக்கா வழக்கம்போலக் கசக்கிக் காட்டியபோது அவர் துணியைத் தடவிப் பார்த்து, "இது இன்னா செடிம்மா? எங்க வெளையுது?" என்று கேட்டார். ஆளிச் செடியின் நார் என்பது வரை அக்காவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. மறுநாளே நூல் ஏஜென்டைப் பிடித்துக் கேட்டார். நார் வெளிநாட்டில் விளைகிறது, கப்பலில் வருகிறது என்று அவர் சொன்னார்.

அது அக்காவை மிகவும் உறுத்திவிட்டது. "கரும்பு, மரவள்ளி, பருத்தின்னு எல்லாம் வெதைச்ச குடும்பம் எங்களுது. நான் விக்கிற துணிக்கு இன்னா செடின்னு தெரியாம கல்லாவுல உக்காந்துனு இருக்கேன் பாரு." கொஞ்ச நாள் கழித்து, "பூவுல இருந்து மடிப்பு வரைக்கும் நானே கண்ணால பாத்த துணி ஒண்ணு வேணும். விக்கறதுக்கு இல்ல. ஒண்ணே ஒண்ணு," என்றார்.

முதலில் நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை வாங்கி மொட்டை மாடித் தொட்டிகளில் தூவினார். முழங்கால் உயரத்திலேயே கிளை கிளையாகப் பிரிந்து புதர் மாதிரி நின்றது. அது எண்ணெய்க்கு வைக்கிற ரகம், நாருக்கு ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென வளர வேண்டும் என்று ஏஜென்ட் சிரித்தார். "சிரிச்சது போதும், அந்த வெதைய வாங்கிக் குடு," என்றார் அக்கா. விதை வடக்கேயிருந்து வந்தது. குளிர் வேண்டும் என்றார்கள். குளிருக்கு நமக்கு இருப்பது கல்வராயன் மலைதான்.

வெள்ளையன் அண்ணன் எங்கள் கடைக்கு வாடிக்கையாளர். அவரும் அவர் மனைவி சடைச்சி அக்காவும், சாமை போடும் நிலத்தில் ஒரு பகுதியைத் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஊர் கூடியபோது சடைச்சி அக்கா எழுந்து நின்றார். இந்த நார் தண்டிலிருந்து பிரிய வேண்டுமானால் அதை நீரில் ஊறப்போட்டு அழுக வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கீழ்நாட்டுல கத்தாழ ஊறப்போட்ட குட்டைய பாத்திருக்கேன். மாடு வாய் வெக்காது. மீனு செத்து மெதக்கும். எங்க ஓடையில ஊறப் போடக் கூடாது. ஒத்துக்கினா வெதைங்க, இல்லன்னா வெதைய எடுத்துனு எறங்குங்க."

"போட மாட்டேன்," என்றார் அக்கா. "புல்லு மேல பரப்பி பனியிலயே பதம் பண்ணலாமாம். அப்படியே பண்ணிக்கிறேன்."

"மாத்திப் பேச மாட்டீங்களே?"

"துணிக்காரிம்மா நான். கிழிச்சுக் குடுத்தத திருப்பி வாங்க மாட்டேன்."

அந்த முதல் வருடம் பூத்தபோது சரியாகப் பொங்கல் வியாபாரம். ஆளிப் பூ விடியலில் விரியும். மத்தியானத்துக்குள் இதழைக் கொட்டிவிடும். மறுநாள் வேறு பூ விரியும். இரண்டு மூன்று வாரத்தில் அதுவும் ஓய்ந்துவிடும். காலையில் கடையை விட்டு அசைய முடியாத அக்கா, என்னை முன்னால் அனுப்பினார். நான் மலையில் தங்கி, வயல் முழுதும் நீலமாக நிற்பதைப் பார்த்தேன். போனில் படமும் எடுத்தேன். ஊர் திரும்பி அதை நீட்டியபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம். படத்துல பாத்துட்டா பாத்ததா ஆயிடும். நானே போய்ப் பாக்குறேன்."

பொங்கல் முடிந்ததும் முதல் பேருந்தில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. மாற்று வண்டி வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வரப்பில் நின்று அக்கா கேட்டார், "எங்கடி பூவு?" சடைச்சி அக்கா தரையைக் காட்டினார். மண்மேல் நீலம் சுருண்டு கிடந்தது. "வுடு, பூவு எங்க போயிடப் போவுது," என்று சொல்லிவிட்டு அக்கா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இதழ்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கல்யாண ஜவுளி. அதோடு பூவும் முடிந்துவிட்டது.

பிறகு பிடுங்கும் நாள் வந்தது. ஆளியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்க வேண்டும். அதுவும் விதை முற்றுவதற்கு முன்பே பிடுங்கினால்தான் நார் மென்மையாக இருக்கும். சடைச்சி அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. "மணி புடிக்காத பயிர புடுங்க எனக்குக் கை வரலியே. வயித்துப் புள்ளையோட இழுக்குற மாதிரி இருக்குது."  அக்கா வரப்போரம் ஒரு பட்டையை மட்டும் காட்டி, "அது உன்னுது, முத்தட்டும், வெதைக்கு வெச்சிக்க," என்றார். அதன் பிறகே பெண்கள் எல்லோரும் வயலில் இறங்கினார்கள். அக்காவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடுங்கினார். "அளவெடுத்து கிழிக்கிற கை, புடுங்கறதுலயும் கோணாம வருது பாரு," என்று ஒருத்தி கிண்டலடித்தாள்.

தண்டுகளைப் புல்மேல் பரப்பினோம். பனி குடித்துப் பழுப்பேறி, ஒரே சீராகப் பதமாகிக்கொண்டு வந்தது. அப்போது மாசியில் யாரும் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. மேல் அடுக்கு பரவாயில்லை. அடியில் இருந்தது கறுக்கத் தொடங்கியது. ஓடும் நீரில் கொஞ்ச நாள் போட்டு எடுத்தால் இன்னும் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம் என்று ஏஜென்ட் போனில் சொன்னார். ஓடை வயலுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளையன் அண்ணனே சொன்னார்: "அக்கா, ஊருல எல்லாம் கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. யாரு பாக்கப் போறா? நானே தூக்கிப் போடறேன்." சடைச்சி அக்காவும் தடுக்கவில்லை. அவருக்கும் அந்தப் பயிர் பாழாவது பொறுக்கவில்லை. நானும் சொன்னேன், கொஞ்ச நாள்தானே அக்கா என்று.

அக்கா என் பக்கம் திரும்பினார். "கசங்காதுன்னு பொய் சொல்லி வித்தா ஒரு புடவ போவும், அப்புறம் அந்த ஆளும் போயிடுவாங்க. உனக்குத் தெரியாதா லைப்ரரி?" பிறகு வெள்ளையன் அண்ணனிடம், "பாக்க ஆளு இல்லன்னா குடுத்த வாக்கு செல்லாதா? அப்படியே கெடக்கட்டும்," என்றார். மழையில் நனைந்துகொண்டே கறுத்த தண்டுகளைத் தனியாகப் பொறுக்கிப் போட்டோம். அவர் செய்தது சரிதானா என்று அன்று எனக்குச் சந்தேகம் இருந்தது. இன்று ஓடையை நினைத்தால் சரி என்று தோன்றுகிறது. அவரை நினைத்தால், முழுத் துணி ஒன்று அவர் கைக்கு வந்திருக்குமே என்று இருக்கிறது.

மிஞ்சியதைக் காயவைத்து, மரக்கட்டையால் நொறுக்கி, ஆணி அடித்த பலகையில் சீவியபோது ஒரு சடை அளவுக்குச் சாம்பல் நிற நார் கிடைத்தது. சின்னசேலம் பக்கம் ஒரு அம்மா விரலை நனைத்து நனைத்து அதை நூலாகத் திரித்தார். நீளவாட்டு இழையான பாவுக்கு அது போதவில்லை. பருத்திப் பாவில் நம் நூலைக் குறுக்கிழையாக, ஊடையாகப் போட்டு, தறிக்காரர் ஒரு துண்டு நெய்து கொடுத்தார். ஒவ்வொரு இடத்துக்கும் அக்கா வந்தார். நொறுக்கினார், சீவினார், தறி ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடைசி இழை விழும்வரை பார்த்தார்.

துண்டு கைக்கு வந்ததும் வழக்கம்போல அதையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். விரித்துப் பார்த்தார். "கசங்குது. நெசமான சரக்குதான்." ஆனால் முகம் மலரவில்லை. "பாவு பருத்தி. பாதிதான் நம்மளுது. பூவும் பாக்கல." துண்டை என்னிடம் கொடுத்தார். "முழுசா வர்ற வரைக்கும் நீ வெச்சிக்க."

இந்த வருடம் அந்தப் பூவுக்காகவே எல்லாம் திட்டமிட்டார். சடைச்சி அக்கா எடுத்து வைத்த விதையை, போன முறை விதைத்த அதே பருவத்தில் விதைக்கலாமா என்று வெள்ளையன் அண்ணன் கேட்டபோது அக்கா வேண்டாம் என்றார். "கொஞ்சம் தள்ளிப் போடு. பொங்கல் யாவாரம் முடிஞ்சு பூக்கட்டும். மொதப் பூ வுட்ட அன்னிக்கே போன் பண்ணு. கடைய சாத்திட்டு வந்து உங்க வூட்டுல தங்கிக்கிறேன்."

முன்பு விதைத்த நேரத்திலேயே விதைத்திருந்தால் பொங்கலுக்கு முன்பே பூத்திருக்கும். வெள்ளையன் அண்ணன் அழைத்தபோது எடுப்பதற்கு அவர் இருந்திருப்பார். பூவை ஆற அமர, நிம்மதியாகப் பார்க்க வேண்டும் என்று அவரே தள்ளிவைத்தார்.

அன்று மத்தியானம் கடைக்கு மேலிருந்த வீட்டில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளையன் அண்ணனும் சடைச்சி அக்காவும் பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். சடைச்சி அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப் பிடித்திருந்தார். அதில் தண்ணீரும், போன வருடம் பழகிய வழக்கப்படி வேரோடு பிடுங்கிய ஆளித் தண்டுகளும். பூக்கள் வழியிலேயே கொட்டியிருந்தன. நீரின் மேல் இதழ்கள் மிதந்தன. சடைச்சி அக்கா படியேறாமல் நின்றுவிட்டார்.

"வண்டி ஏறும்போது இருந்துச்சு பாப்பா. இப்ப பாரு, வெறுந்தண்டா எடுத்துனு வந்து நிக்கிறேன்."

ஒரு பிடித் தண்டை எடுத்து அக்காவின் பக்கத்தில் வைத்தோம். கூட்டத்தில் யாராவது தட்டிவிடுவார்களே என்று வாளியைக் கீழே கடைக்குள், அவர் புடவை கசக்கிக் காட்டும் மேசைமேல் வைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடினேன். மாலையில் அக்காவை எடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை, அக்காவின் தம்பி நாற்காலிகள் கேட்டார் என்று கடையைத் திறந்தேன். வாளியில், தண்டுகளின் நுனியில் மிஞ்சியிருந்த மொட்டுகள் எல்லாம் விரிந்திருந்தன. மேசையில், மடித்து அடுக்கிய புடவைகளுக்கு நடுவே, மலையில் பார்த்த அதே நீலம்.

ஒரு வாளித் தண்ணீர் போதுமாயிருந்திருக்கிறது. போன வருடமே மொட்டோடு நாலு தண்டைப் பேருந்தில் கொண்டுவந்திருந்தால், பொங்கல் வியாபாரத்துக்கு நடுவில், கல்லாவில் உட்கார்ந்தபடியே அக்கா பூவைப் பார்த்திருப்பார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பூவிடம் நாம்தான் போக வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இரவு அங்கேயே தங்கிவிட்ட சடைச்சி அக்காவை மேலேயிருந்து அழைத்துவந்து காட்டினேன். அவர் மேசைமேல் கைவைத்து அழுதார். இதழ் கொட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

பயிர் மலையில் நிற்கிறது. பிடுங்குவதற்கு நான் போவேன். ஓடையில் அல்ல, புல்மேல்தான் பரப்புவோம். மழை வந்தால் வரட்டும்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் துண்டு, பாதி நம்முடையது. அதை நான் துவைக்கவில்லை, இஸ்திரியும் போடவில்லை. அவர் கைக்குள் விழுந்த கசங்கல் அதில் அப்படியே இருக்கிறது.