கடுக்காய் மரத்தில் அடித்த போன்கள்

செத்துப்போன சினிமாக் கதாநாயகன் ஒருவன் கடுக்காய் மரத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுகிறான் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. அரசாங்க வேலை, மூக்குக்கண்ணாடி, பகுத்தறிவு எல்லாம் இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள். வெள்ளிமலை என்ற மலையூருக்கு மாற்றலாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு மாத இதழில் சினிமா விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இரண்டு முறை தாமதித்தவன். “நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வரலன்னா அந்தப் பக்கம் வேற ஆளுக்கு” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக நான் எழுதிய பக்கம்.

விமர்சனத்துக்கான படத்தைக் கள்ளக்குறிச்சியில் பார்த்திருந்தேன். உலகத்தையே செல்போனில் பேசவைத்த இளம் கம்ப்யூட்டர் முதலாளி ஒருவனின் வாழ்க்கைக் கதை. ஊரையெல்லாம் இணைப்பவன், பெற்ற தாய் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். முப்பது வயதில் செத்துப்போகிறான். கடைசிக் காட்சியில், ஆளில்லாத அவன் அறையில் போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடிக்கின்றன. ‘நாயகனாக நடித்தவர் கண்ணாலேயே பயமுறுத்துகிறார். கடைசிக் காட்சி மட்டும் நம் காதில் பூச்சுற்றுகிறது’ என்று போனிலேயே எழுதி முடித்தேன்.

மறுநாள் அனுப்பப் பார்த்தால் சிக்னல் இல்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் டவர் படுத்துவிட்டது. கச்சிராயபாளையத்தருகே மறியல் என்பதால் கீழே போக பஸ்ஸும் இல்லை.

“வளைவாண்ட போங்க சார், அங்க கீழ் டவர் எடுக்கும்” என்றார் டீக்கடைக்காரர். மூன்றரை மணிக்கு நடந்தேன்.

மலைச்சாலை வளைவில் மூடுபனி இறங்கியிருந்தது. என் செருப்புச் சத்தம்கூட எங்கோ பின்னாலிருந்து வந்தது. திடீரென்று தலைக்கு மேலே ஒரு குழந்தை சிரித்தது. நிறுத்தியது. மறுபடி அதே சிரிப்பு, இம்மி பிசகாமல். பிறகு ஓர் உறுமல். பனிக்குள் ஒரு கடுக்காய் மரம் தெரிந்தது. அதன் கிளையில் நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது. இன்னொரு கிளையில் எரிந்தது. மரம் முழுக்கப் போன்கள் அடித்தன. எடுக்க யாருமில்லை.

படத்தின் கடைசிக் காட்சியேதான். கைகூப்பி, “தம்பி, காதுல பூச்சுத்துதுன்னு எழுதினத எடுத்துடறேன்பா” என்று மரத்திடம் உரக்கச் சொன்னேன். அங்கேயே அந்த வரியை அழித்தும்விட்டேன்.

“இன்னா சார், யாராண்ட பேசிக்கினு கீறீங்க?”

பின்னால் விறகுக்கட்டோடு ஓர் அம்மா. கட்டை இறக்கிவிட்டு, கிளையிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே போன். குழந்தைச் சிரிப்பு அதன் ரிங்டோன்.

“டவர் பூட்ச்சின்னா எல்லாரும் இங்க மாட்டிட்டுதான் காட்டுக்குப் போவோம். யார் கூப்ட்டாங்கன்னு வந்து பாத்துக்குவோம்.” என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேயின்னு நெனச்சிட்டீங்களா? இந்தக் குளுர்ல இப்டி வேக்குது!”

“சேச்சே. மரம் நல்லா வளந்திருக்கேன்னு பாத்தேன்.”

“அதுக்கா கும்புட்டீங்க? குடுங்க ஒங்க போன. கையில வெச்சினு இருந்தா எடுக்காது, மேல மாட்டணும்.”

அனுப்பும் பொத்தானை அமுக்கிக் கொடுத்தேன். தன் பையிலேயே அதையும் போட்டு உயரமான கிளையில் மாட்டினார். நாலே முக்காலுக்கு இறக்கிப் பார்த்தோம். விமர்சனம் போயிருந்தது. அடுத்த மாதமும் அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன்.