மயில் கட்டில் பார்க்கப் போன கதை

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் வீட்டில் உலகம் தெரிந்தவர் என்ற பெயர் எப்போதும் சித்தப்பாவுக்குத்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவர். கோடை வந்துவிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய மாளிகைக்கு அடிக்கடி சவாரி. அங்கே தோகை விரித்த மயிலைத் தலைப்பக்கத்தில் செதுக்கிய கட்டில் ஒன்று இருக்கிறதென்று அவர் சொல்லித்தான் எங்கள் ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதே அந்தக் கட்டிலை வைத்துத்தான்.

இந்தக் கோடை வரைக்கும் சித்தப்பா அந்த மாளிகைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

சவாரிக்கு வந்த பார்ட்டி உள்ளே போய்விடும். அவர்களுடைய பெட்டியும் பையும் வண்டியில் கிடக்கும். அதை விட்டுவிட்டு ஓட்டுநர் எங்கே நகர்வது? கதவைத் திறந்துபோட்டு, சீட்டைச் சாய்த்து, வெயிலில் வெந்துகொண்டு கிடப்பார். திரும்பும் வழியில் பின்சீட்டுப் பேச்சு காதில் விழும். ஒருவர் தாமரைக் குளத்தைச் சொல்வார், இன்னொருவர் பளிங்குப் படியை. கல்யாணமான புதிதில் சித்தி, "உள்ள எப்படிங்க இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டபோது, தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காதில் விழுந்ததையெல்லாம் கோத்துச் சொல்லிவிட்டார்.

சித்தி அதைத் தன் தையல் கூடத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்கு மயில் கட்டில் பறந்தது. எதிர்வீட்டுக்காரிக்கும் அங்கேதான் வேலை. "உன் வீட்டுக்காரரு அதுல படுத்து வேற பாத்தாராக்கும்?" என்று அவள் எல்லார் முன்னாலும் இளித்ததிலிருந்து சித்திக்கு ஒரே பிடிவாதம். கண்ணால் பார்த்துவிட்டு வந்து அவள் வாயை அடைத்தாக வேண்டும்.

இந்தக் கோடையில் கிளம்பியே விட்டார்கள். சித்தி முன்சீட்டில் புதுப் புடவையோடு. சித்தப்பா வழியெல்லாம் சாக்குத் தேடிக்கொண்டே ஓட்டினார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு போல. திரும்பிடலாமா?"

"காலையில நீங்கதானே அடிச்சீங்க?"

"செம கூட்டமா இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன, கட்டிலைத் தூக்கிட்டா வரப்போறேன்?"

மாளிகையில் சுற்றிக் காட்ட வந்தவள் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் இளம்பெண். படுக்கையறையில் கொசுவலை கட்டிய மொட்டைக் கட்டில்தான் கிடந்தது. சித்தி தடுப்புக் கயிற்றுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இது இல்லம்மா. மயில் கட்டிலைக் காட்டு."

"இங்க அப்படி எதுவும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ எப்ப வேலைக்கு வந்த?"

"போன வருஷம்."

"அதான பாத்தேன்! இவரு எங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து வர்றாரு. யாரு வித்துத் தின்னீங்க? கூப்பிடு உங்க மேனேஜரை!"

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தி புருஷன் பக்கம் திரும்பினாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? சொல்லுங்க!"

"அந்தப் பொண்ணை விடு," என்றார் சித்தப்பா. "நான் உள்ள வந்ததே இல்ல. இன்னிக்குத்தான்."

சிரிப்பு நின்றது. மயில் கட்டில் அடுத்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் உண்டு என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். சித்தி அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கம்மா," என்றாள். சித்தப்பாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தோட்டத்தில் அவள் முன்னால் நடந்தாள். சித்தப்பா தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால்.

"தாமரைக் குளம் பாரு. இது நெசம்தான்."

"பேசாதீங்க."

கிளம்பும்போது சித்தி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்சீட்டுப் பேச்சைக் கேட்டே காலம் ஓட்டிய மனிதருக்கு அன்றைக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தும் அவள் முகம் சன்னல் பக்கமே இருந்தது. ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வேற என்னென்ன அளந்திருக்கீங்க?"

"சத்தியமா மத்ததெல்லாம் நெசம்."

"மத்ததுன்னா எது?"

அவர் கியரை மாற்றினார்.

வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் எதிர்வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். "என்னடி, மயில் இருந்துச்சா, பறந்துடுச்சா?"

சித்தி இறங்கிப் புடவையை நீவிக்கொண்டாள். கடைக்காரன் மீதிச் சில்லறையை அதிகமாகத் தந்துவிட்டால்கூட ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிறவள்.

"இருந்துச்சே. கண்ணுக்கு நீலக் கல்லு பதிச்சிருக்கான். இவரு அதைச் சொல்லவே மறந்துட்டாரு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். சித்தப்பா துடைத்த சீட்டையே துடைத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்து நின்றிருக்கிறார்.

சித்தி அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. என்னிடம் இதைச் சொன்னது சித்தப்பாதான். சொல்லி முடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தடவினார்.

"கட்டில் நான் போட்டதுடா. ஆனா அந்த நீலக் கல்லு அவ வச்சது. அவளை வைக்க வச்சுட்டேனேடா."