காற்று குறைந்த டயரும் மைதீன் காக்காவும்

லீவில் ஊருக்குப் போயிருந்த மைதீன் காக்கா நெஞ்சு வலியில் இறந்துவிட்டதாக அவர் வேலை பார்த்த மளிகைக் கடைக்குத் தந்தி வந்தது. எனக்கு அதைச் சொன்னவர் அவருடைய மச்சான் ஜமால் பாய். நான் நம்பவில்லை. "உங்களுக்கு வேற விளையாட்டு கெடைக்கலையா பாய்?" என்று கேட்டேன். இந்த அரபு நாட்டு ஊரான அல் ஐனில் பொய்ச் செய்தி பரப்பும் இலாகா என்னுடையது. அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை. ஜமால் பாய் கடை ஷட்டரை இறக்கினார். பட்டப்பகலில், வியாபார நேரத்தில். அப்போதுதான் நம்பினேன்.

இதைப் படிக்கிற அல் ஐன்காரர்கள் பலருக்கு அவர் வீட்டு வாசலுக்கு முட்டையும் மாவும் கொண்டு வந்த சைக்கிள்காரர். அவருடைய ஊரான காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மெட்ராஸிலிருந்து வந்த புதிதில் அது தெரியாமல் கடை வாசலில் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டேன். "வந்துட்டேன், சோறு எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்த ஆளிடம் வாய் கொடுத்தால் நமக்குத்தான் வாய் வலிக்கும் என்று அன்றைக்கே புரிந்துபோனது.

அவருடைய ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே வந்தும் விடவில்லை. டயரில் காற்று கல்லு மாதிரி இருக்க வேண்டும். விரலால் சுண்டினால் "டங்" என்று கேட்க வேண்டும். காலையில் மூச்சு வாங்கப் பம்ப் அடிப்பார். மதிய வெயிலில் நிறுத்திய சைக்கிள் "டப்" என்று வெடிக்கும். ஒட்டுப் போட இடமில்லாமல் ஒட்டின் மேலேயே ஒட்டுப் போட்ட டியூப் அது.

என் அப்பா ஒருநாள், "வெயில்ல காத்து விரியும் மைதீன். கொஞ்சம் கம்மியா அடிங்களேன்" என்றார்.

"தொய்ஞ்ச டயர்ல போறவன் சோம்பேறி சார். எங்க ஊர்ல அவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க."

தெருவே கேட்கும்படி சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

வெடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே ரோடு போடும் கேம்ப்புக்கு வாராவாரம் முட்டை போக வேண்டும். வழி முழுக்கச் சரளைக் கல், நடுவில் மணல். கல் மாதிரி டயர், கல் மேல் போனால் அடி எல்லாம் முட்டைக்கு. கேம்ப் சமையல்காரர் பெட்டியைத் திறந்து, "யே அண்டா ஹை, யா ஆம்லெட்?" என்று, இது முட்டையா ஆம்லெட்டா என்று, இந்தியில் கேட்டாராம். கடையின் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த அரபி முதலாளிக்கு, புகார் போனது. அவர் வந்து சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்: இன்னும் ஒரு தடவை உடைந்தால் கலாஸ், கதை முடிந்தது, பிக்கப் வண்டிக்காரனுக்கு வேலை, மைதீனுக்கு ஊர். விசா அவர் கையில் இருந்தது. காக்காவின் மூன்று தங்கைகளில் கடைசித் தங்கைக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தடவை வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் வெந்து போய், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. வழக்கமாக இறங்கித் தள்ளும் மணலில் சைக்கிள் ஏறிப் போய்விட்டது. முட்டையும் பிழைத்தது. திரும்பும்போது நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சார்! நான் சொன்னது தப்பு சார்! காத்து கம்மியாத்தான் இரிக்கணும்!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அப்பா கூச்சப்பட்டு, "மெதுவா சொல்லலாமே மைதீன்" என்றார்.

"தப்பைச் சத்தமாப் பேசினேன் சார். திருத்தும்போது மட்டும் காதுல ஓதினா எப்படி?"

எனக்குத் தெரிந்த பெரியவர்கள் யாரும் இப்படித் தோற்றதில்லை. இவர் மைக் வைக்காத குறையாகத் தோற்றார்.

தோற்ற வேகத்தில் மறு கோடிக்கும் போனார். காற்றை அளவுக்கு மேல் பிடுங்க, கல்லில் மோதிய ரிம் டியூபைக் கடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. "பாம்பு கடிச்சிருக்கு காக்கா" என்றேன். "அப்ப நீ வாய வச்சு உறிஞ்சு" என்றார். பிறகு கட்டை விரலால் அழுத்திப் பார்த்துப் பார்த்து அளவு கண்டுபிடித்தார். விரல் லேசாக அமுங்க வேண்டும், உடனே எதிர்த்துத் தள்ளவும் வேண்டும். சுமை பின்னால் என்பதால் பின் டயர் முன்னதைவிடச் சற்று இறுக்கமாக இருக்கும்.

டயருக்குப் பிறகு கேரியர். பழைய சைக்கிள் சீட்டுகளின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பலகைக்கு அடியில் வைத்தார். தெருவில் ஓட்டிப் பார்த்தபோது முதல் பள்ளத்திலேயே பெட்டி ஊஞ்சலாடியது. "குஞ்சு பொரிக்கறதுக்கு முன்னாடியே பறக்குது காக்கா!" என்றேன். முறைத்தார். மறுநாள் பழைய டியூபை வாராக வெட்டிப் பலகையைக் கேரியரோடு இழுத்துக் கட்டியிருந்தார். ஸ்பிரிங் தூக்கிப் போட்டது. வார் பிடித்து அடக்கியது. ஆட்டம் நின்றது.

அடுத்த நடை வெள்ளிக்கிழமை காலை. கஃபீலே கேம்ப்புக்கு வந்து பெட்டியைத் திறக்கப் போவதாகத் தகவல். வேடிக்கை பார்க்க நானும் என் சைக்கிளில் பின்னால் போனேன். பாதி வழியில் முன் டயரில் முள். டியூபில் விரல் நீளத்துக்குக் கிழிசல். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வெயிலில் காய்ந்து கட்டியாகியிருந்தது.

"திரும்பிடலாம் காக்கா. அடுத்த வாரம் கொண்டு போகலாம்."

"அடுத்த வாரம் நான் இங்கே இரிக்க மாட்டேன்டா வாப்பா. திரும்பினாலும் குலுங்கத்தான் செய்யும். குலுங்குறது முன்னாடி போய்க் குலுங்கட்டும். சட்டையக் கழட்டு."

"எதுக்கு?"

"யல்லா, கழட்டுடா!"

முட்டைப் பெட்டியை இறக்கி நிழலில் வைத்தார். முன் டயரைப் பிரித்து டியூபை உருவினார். ஜும்ஆத் தொழுகைக்கென்று இஸ்திரி போட்டு உடுத்தியிருந்த தன் வெள்ளைச் சட்டையைக் கயிறாக முறுக்கி டயருக்குள் திணித்தார். போதவில்லை. என் சட்டையும் போனது. அதுவும் போதாமல் தலைத் துண்டு. பிறகு டயரை மாட்டி, பெட்டியைத் திரும்பக் கட்டி, சைக்கிளில் ஏறி மிதித்தார்.

கேம்ப் வாசலில் கஃபீல் வெள்ளை வெளேரென்ற அங்கியில் நின்றார். எதிரே பனியனும் புழுதியுமாகக் காக்கா. "உன் சட்டை எங்கே?" என்று கஃபீல் கேட்டார். காக்கா டயரைக் காட்டினார். சமையல்காரர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றே ஒன்றில் கீறல். யாரும் வாய் திறப்பதற்குள் காக்கா அதை எடுத்து உடைத்து, பச்சையாக விழுங்கிவிட்டு, "மாஃபி" என்று, ஒன்றுமே இல்லை என்பதுபோல் கையை விரித்தார். கஃபீல் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

காக்கா இருந்தார். கடைசித் தங்கையின் கல்யாணத்தையும் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது நடுவழியில் கேட்ட அந்தப் பேச்சைத்தான். திரும்பிடலாம் என்று சொன்னவன் நான். இனிமேல் சொல்ல மாட்டேன். குலுங்கட்டும் காக்கா, முன்னாடி போய்க் குலுங்கட்டும்.