கங்காணி குனியாத காட்சி

1954ஆம் ஆண்டு, கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மலை வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டப் பாடசாலை ஆசிரியர் எங்களுக்கு ஒரு நாடகம் பழக்கினார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் வேஷம் தராமல், திரைக்குப் பின்னால் நின்று ஆட்களை மேடைக்கு அனுப்பும் வேலையைத் தந்தார். யார் எங்கே மாற்றி நடித்தாலும் கொப்பியில் குறித்து, அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும்.

நாடகம் ஞாயிறு பகல்களில் பக்கத்துத் தோட்டங்களில் நடந்தது. இரண்டு ஆட்டம் முடிந்ததும் ஆசிரியருக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது, "இனி நீதான் ஆளுங்களுக்குச் சொல்லணும். தனியாக் கூப்பிட்டுச் சொல்லு. மத்தவங்க முன்னால சொல்லிடாத" என்றார்.

கதையில் ஓர் ஏழைக் குடியானவன் பண்ணையாரிடம் விதைநெல் கேட்டுக் கெஞ்சுவான். குடியானவன் வேஷம் எங்கள் கங்காணிக்கு. பண்ணையார் வேஷம், அவருக்குக் கீழே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவருக்கு. முதல் ஆட்டத்தில் கங்காணி குனிந்தார். இரண்டாவதில் பாதி குனிந்தார். மூன்றாவதில் நெஞ்சை நிமிர்த்தி அதட்டியே கேட்டார். பண்ணையார்தான் பயந்து ஓரடி பின்னால் போனார். அழ வேண்டிய இடத்தில் சனம் சிரித்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அதுவும் எங்கள் தோட்டத்தில். சொந்தச் சனம் சிரித்தால் அவர் முகத்தை எங்கே வைப்பார்? சொல்லத்தான் வேண்டும். ஆனால் தினமும் எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரிடம் எப்படிச் சொல்வது? நாலு நாள் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகையில், எல்லாரும் சுற்றி நிற்கும்போது என்னை மீறி வாயில் வந்துவிட்டது.

"கங்காணியாரே, நீங்க கெஞ்சவே இல்லீங்க. ஆள வேலைக்கு வெரட்டுற மாதிரியே இருக்குங்க."

"அப்பாடா! நான் சொல்லப் பயந்தத இவன் சொல்லிட்டான்யா!" என்று பண்ணையார் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கங்காணி கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் வராவிட்டால் நாடகமே இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்பியபோது என்னை மட்டும் நிற்கச் சொன்னார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"டேய், ஆளுங்க எங்கிட்ட எதையாச்சும் கேக்க வந்தா எப்பிடி நிப்பாங்க?" என்றார் மெதுவாக. "நான் பாத்ததே இல்லடா."

தரையைப் பார்த்தபடியே, "இன்னைக்குப் பாருங்களேன்" என்றேன்.

அன்றைக்கு முழுக்கப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போகணும் என்று வந்த ஒரு பெண்ணைக் கால் முதல் தலை வரை கவனித்துவிட்டு, "எங்க, இன்னொருக்கா கேளு" என்றார். அவள் நடுங்கிப் போனாள். உடனே, "சரி, போ ஆயி, போ" என்று அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்தக் காட்சியில் அவர் குனியவே இல்லை. பண்ணையாரிடமிருந்து சற்று ஒதுங்கி நின்றார். பார்வை தரையில். ஒரு கால் கட்டைவிரல் பலகையைச் சுரண்டியது. கை சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. பேச வாயைத் திறந்து, எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் திறந்தார். சனத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இப்படி நிற்கிற ஆளை எனக்குத் தெரியுமே, யார் என்று திரைக்குப் பின்னால் நின்று யோசித்தேன். தற்செயலாகக் குனிந்து பார்த்தால், என் விரல்கள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

அவர் கேலி செய்யவில்லை, சனிக்கிழமை பெரட்டில் தன் முன்னால் நின்ற என்னையும் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கும் யாரிடமாவது ஒரு குறையைச் சொல்லப் போனால், இந்த நேரத்தில் எதிரே நிற்பவர் என்னிடம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்ற யோசனைதான் எனக்கு முதலில் வருகிறது.