சிட்டுக்குப் போடாத ஊசி

கோவில்பதாகை ஏரியோரத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விட்டுப் பிழைப்பவள் மங்களம். அவளிடம் இரண்டு குதிரைகள். சிட்டு, அவள் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பெண்குதிரை. மற்றது, யார் கிட்டே போனாலும் கடிக்கும் கறுப்பன்.

மழை விட்டுக் கொசு மொய்த்த வாரத்தில் சிட்டு தீனியைத் தொடவில்லை. தள்ளாடிப் போய்ச் சுவரில் முட்டி விழுந்தது. கால்நடை மருத்துவர் கிருஷ்ணப்பிரியா வந்து பார்த்து, கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றார். பெட்டியிலிருந்து தடுப்பூசியை எடுத்தார்.

மங்களம் அவர் காலில் விழுந்தாள். "அத சிட்டுக்குப் போடும்மா! இன்னும் உசுரோடதான் கீது, பாரும்மா!"

"நோய் வந்தப்புறம் இது கேக்காதும்மா. கறுப்பனையாவது காப்பாத்தலாம், பிடிச்சுக்கோங்க."

"முன்னாடியே போட்டிருந்தா?"

மருத்துவர் ஊசிக்குழலில் மருந்தை ஏற்றினார்.

மங்களம் எழுந்து கறுப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஊசி இறங்கியதும் அது அவள் தோளைக் கடித்தது. அவள் பிடியை விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் சிட்டு அவள் மடியில் தலைவைத்தபடியே உயிரை விட்டது. ஊசி வேலை செய்ய நாளாகும், அதுவரை கொசு அண்டவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிப்போயிருந்தார். மங்களம் வீட்டிலிருந்த கொசுவலையைக் கழற்றி வந்து, அழுதுகொண்டே கறுப்பனைச் சுற்றிக் கட்டினாள்.