மாவட்ட அறிமுகம்

ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. புதுவயல் அரிசி ஆலையில் முதுகு பிடித்துக்கொண்டு மூட்டை தூக்க முடியாமல் போனதும், காரைக்குடியில் ஆய்வேடு டைப் செய்யும் கடையில் உட்கார்ந்தேன். இரண்டு விரலால்தான் அடிப்பேன். அந்தக் கடையின் சூடான தாள் வாசம் இப்போதும் சில வேளை மூக்கில் வந்து போகும்.

அங்கே ஒரு வழக்கம். சிவகங்கை மாவட்டத்தைப் பற்றி யார் ஆய்வு செய்தாலும், கணினியில் கிடக்கும் 'மாவட்ட அறிமுகம்' அத்தியாயத்தை முதலாளி அப்படியே ஒட்டிக் கொடுப்பார். முதலில் எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "ஊரு ஒண்ணுதானப்பா, ஆளுக்கொரு கண்மாயா வெட்ட முடியும்?" என்பார்.

கல்லலிலிருந்து வந்த ஒரு பெண், ஆலைத் தொழிலாளர் பற்றி ஆய்வு செய்தாள். அவள் ஆய்வேடும் அந்த அத்தியாயத்தோடுதான் போனது. பல்கலைக்கழகத்தில் எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் பக்கம் பக்கமாகச் சிவப்படித்துத் திருப்பியது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பட்டமில்லை. ஒரு கல்லூரியில் சொல்லி வைத்திருந்த வேலையும் இல்லை.

"அங்கங்க வார்த்தைய மாத்திப்புடு தங்கச்சி," என்றார் முதலாளி. "கண்மாய ஏரின்னு போட்டா மெசினுக்கு என்ன தெரியும்?"

"படிக்கிற ஆளுக்குத் தெரியாதாண்ணே? இங்குட்டு யாரு ஏரிங்கிறா?" சிரித்தாள்தான், கண் கலங்கியிருந்தது.

அத்தியாயத்தையே அழிக்கச் சொன்னாள். புதிதாக அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். மழையளவு, மக்கள்தொகை, எதுவானாலும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். புதுவயல் ஆலைகளைப் பற்றிய பகுதி வந்தபோது நான் சும்மா இருக்காமல், "களத்துல அவிச்ச நெல்ல காலாலதான் துழாவணும். சாயங்காலம் தண்ணில நின்னாலும் உள்ளங்கால் எரிச்சல் போகாது," என்றேன்.

"பட்டுத்தான் சொல்றீகளா? அப்ப போட்டுக்கிறேன். உங்க பேரச் சொல்லுங்கண்ணே."

"எம்பேரு எதுக்கும்மா? நான் என்ன புத்தகமா எழுதியிருக்கேன்?"

"நீங்க சொன்னத நானே கண்டுபிடிச்ச மாதிரி எழுதுனா, திரும்பி வந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"பாத்துடா," என்றார் முதலாளி. "வாய்மொழித் தேர்வுக்கு உன்னயும் கூப்பிடப் போறாக."

என் பெயரை நானே அடித்தேன். பக்கத்தில், 'முன்னாள் ஆலைத் தொழிலாளி, நேரில் கூறியது'.

அந்த முறை ஆய்வேடு திரும்பவில்லை. பட்டம் வாங்கியதும் எனக்கென்று ஒரு பிரதி கொண்டு வந்தாள். அப்போது நான் அடுத்த ஊருக்குப் பை கட்டிக்கொண்டிருந்தேன். அடிக்குறிப்பை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, "லைப்ரரில ஒண்ணு இருக்குமில்ல, அது போதும்," என்று அவளிடமே கொடுத்தேன்.