வாசல் வரைக்கும் கன்டர்பரி

கன்டர்பரி பேராலயத்தின் வெளிவாசலில், போன சனிக்கிழமை, ஒரு பெண் எனக்காக ஒன்றேகால் மணி நேரம் குடையோடு நின்றாள். மழை இல்லை, தூறல். இங்கிலாந்தில் இரண்டும் வேறு வேறாம். அவள்தான் சொன்னாள்.

உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம்.

"நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் இதிலை நிக்கிறன்" என்றாள், ஏதோ நான் பல் பிடுங்கப் போகிற மாதிரி.

அந்த ஊருக்கு அவள் வந்து இரண்டரை வருடம். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அந்த வாசலைக் கடக்கிறாள். எங்கெங்கோ இருந்து சனம் விமானம் ஏறி வந்து, கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்க்கிற கோயில். இவள் ஒரு நாள்கூட உள்ளே கால் வைத்ததில்லை!

ஏன்? எனக்கும் தலை வெடித்தது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நான் ஏன் அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தருகிற பயணப் புத்தகம் கைக்கு வந்தது. மூன்று வருடமாக நான் பாரிசில் கார் து நோர் ஸ்டேஷனைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். 'கலே' என்று பலகையில் எழுத்து சடசடவென்று விழும்போதெல்லாம் என் காலும் அந்தப் பக்கம் திரும்பும். கலேயில் கப்பல். கப்பலுக்கு அந்தப் பக்கம் டோவர். டோவருக்குப் பின்னால் கென்ட் — பள்ளிக்கூடத்தில் நான் வரைபடம் கீறி, ஆப்பிள் தோட்டம் என்று குறிக்கப் பச்சைப் பென்சிலைத் தேய்த்து முடித்த இடம். பச்சை உண்மைதானா என்று பார்க்க வேண்டாமா?

"முதல் எங்கை போகப் போறாய் பிள்ளை?" என்று கேட்டார் யோகன் அண்ணை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் நம் கடைகள் வரிசையாக இருக்கிற ரூ பெர்தொனே தெருவில் யாரை ஏமாற்ற முடியும்?)

யோகன் அண்ணை ஒபர்வில்லியேயில் ஒரு மரக்கறி மொத்தக் கிடங்கில் வேலை. நான் கல்லாவில் நிற்கிற கடைக்குக் காலையில் பெட்டி இறக்க வருவார். "கன்டர்பரிக்கு" என்றேன். தோளில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கை என்ரை தங்கச்சியெல்லோ இருக்கிறாள்!"

அடுத்த நாள் ஒரு கட்டு முருங்கைக்காயைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்து தந்தார். டோவரில் சுங்க அதிகாரி அதில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பார்த்தார், மறு முனையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சாப்பாடு" என்றேன். அனுதாபத்தோடு திருப்பித் தந்தார்.

யோகன் அண்ணையே அதைக் கொண்டு போகலாமே? முடியாது. அவருடைய அகதி விண்ணப்பத்தை முதல் தடவை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு, தீர்ப்புச் சொல்கிற கொமிசியோனில் கிடக்கிறது. கையில் இருப்பது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற ரெசெப்பிசே என்கிற தற்காலிக வதிவிடத் துண்டு ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு மார்செய் வரை போகலாம். டோவருக்குப் போக முடியாது. சரி, தங்கை இங்கே வரலாமே? அவளுடைய பேப்பர் லண்டனில் ஏதோ ஒரு மேசை லாச்சியில் கிடக்கிறது. ஒரு கோப்பி குடித்து, ஒரு தரம் தலை சுற்றி முடிப்பதற்குள் கப்பல் கடந்துவிடுகிற கடல் அது. இந்தக் கரையில் அண்ணன், அந்தக் கரையில் தங்கை.

தங்கை பெயர் வசந்தி. கலியாணம் கட்டி இங்கிலாந்து போனவள். என்னை விட மூன்று வயது மூப்பு. வெள்ளிக்கிழமை இரவு ஸ்டேஷனில் கண்டதுமே முருங்கைக்காயை வாங்கி மணந்து பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாளைக்கு ஒரு நாள்தானே நிப்பீர்? வாரும். எல்லாம் காட்டுறன்."

காட்டினாள். வாசல் வரைக்கும்!

பேராலயத்தின் வாசலே ஒரு கட்டடம். வர்ணக் கேடயங்கள், சிறகு விரித்த தேவதைகள், ஒரு ஆள் உயரத்துக்கு மேல் ஓங்கிய மரக்கதவு. எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எந்த நேரம் கூட்டம் குறைவு, எங்கே செருப்பு வழுக்கும்... வசந்திக்கு அத்தனையும் மனப்பாடம். வாசலில் கறுப்பு அங்கி போட்ட ஒரு வயதான காவலாளி. அவளைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

"இன்னும் இல்லையா?" என்று இங்கிலிஷில் கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றாள் இவள், வெகு சாதாரணமாக.

அவர் என் பக்கம் குனிந்து, "இந்த அம்மா பாதி உலகத்தை இங்கே கூட்டி வந்து விட்டிருக்கிறா. தான் மட்டும் வரமாட்டா" என்று முறைப்பாடு வைத்தார். கனடாவிலிருந்து வந்த மச்சாள், ஜெர்மனியிலிருந்து வந்த சிநேகிதி, எல்லாரும் உள்ளே. இவள் வெளியே. புருஷன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாராம்!

அடுத்தது நகரத்தின் மேற்கு வாசல். இரண்டு தடித்த கல் கோபுரம், நடுவே ஒரு வளைவு. வளைவுக்குள்ளால் இன்றைக்கும் பஸ் போகிறது. மாடி பஸ் ஒன்று உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைவதை நான் வாய் பிளந்து பார்த்தேன்.

"அக்கா, நீங்கள் இதுக்குள்ளாலை ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலை போறனீங்கள்தானே. அப்ப இது மட்டும் வாசல் இல்லையோ?"

"அது ரோட்டு."

"கோபுரத்துக்குள்ளை?"

"அதுக்குக் கதவு இருக்கு. கதவு இருந்தாக் கணக்கு."

கணக்கா? என்ன கணக்கு? கேட்டால் சிரிப்பு. நான் மட்டும் ஏறினேன். உச்சியில் நின்று பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கீழே, நடைபாதையில், இரண்டு குடையோடு வசந்தி. ஒன்று அவளுடையது, மற்றது நான் விட்டுவிட்டு ஓடியது. பஸ் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமயிரைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

பிறகு ஆற்றுப் பாலம். பக்கத்தில் பழைய நெசவாளர் வீடு, தண்ணீருக்கு மேலே நீண்ட மரத்தில் தொங்குகிற ஒரு நாற்காலி. வாயாடிப் பெண்களை அதில் கட்டி ஆற்றில் முக்கி எடுப்பார்களாம் அந்தக் காலத்தில். இதற்குக் கதவில்லை. பாலத்தில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். வசந்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆசை தீரப் பார்த்தாள்.

"அண்ணை கண்டாரெண்டால் முதல் என்னைத்தான் இதிலை இருத்துவார்."

"நீங்கள் அவ்வளவு கதைக்கிறேல்லையே அக்கா?"

"இப்ப ஆரோடை கதைக்கிறது?" என்றாள். சொல்லிவிட்டு, "நேரம் போட்டுது, பஸ் வந்திடும், ஓடி வாரும்" என்று நடந்தாள்.

பஸ் கிராமத்துக்குப் போனது. என் பச்சைப் பென்சில் பொய் சொல்லவில்லை. வேலிக்கு வேலி பச்சை. நடு நடுவே, பியருக்குப் போடுகிற ஹொப் பூவைக் காய வைக்கிற செங்கல் கட்டடங்கள் — உருண்டையாய், உச்சியில் வெள்ளைக் கூம்பை ஒரு பக்கமாய்ச் சரித்து வைத்துக்கொண்டு, கலியாண வீட்டில் தலைப்பாகை நழுவிய மாமாக்கள் மாதிரி. இறங்கி நடந்தோம். ஒற்றையடிப் பாதை. வேலிக்கு மேலால் ஆப்பிள் பூ எட்டிப் பார்க்கிறது. பாதை நேரே தோட்டத்துக்குள் போகிறது. யாரும் போகலாம் என்று பலகையும் இருக்கிறது. குறுக்கே ஒரு மரப் படலை.

வசந்தி நின்றுவிட்டாள்.

"அக்கா! இது படலை! ஆடு போகாமல் அடைச்சு வைச்சிருக்கிற படலை!"

"அங்காலை இருக்கிறது பாக்க வேண்டிய இடமோ, இல்லையோ?"

"ஓம், பாக்க வேண்டிய இடம்தான்."

"அப்ப வாசல்தான். நீர் போயிட்டு வாரும். நான் கொண்டு வந்த புட்டை எடுத்து வைக்கிறன்."

எனக்குப் பொறுமை குறைவு என்று வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து அடக்கி வைத்தது வெடித்துவிட்டது. "இதென்ன விசர்க் கணக்கு? ஆருக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

"அண்ணைக்காக" என்றாள்.

அந்தக் கணக்குத் தொடங்கியது கொழும்பு விமான நிலையத்தில். புறப்படுகிற நேரம் இவள் ஒரே அழுகையாம். உள்ளே போகமாட்டேன் என்று பெட்டியில் குந்திவிட்டாளாம். யோகன் அண்ணை குனிந்து சொன்னாராம்: "நீ முன்னுக்குப் போ, நான் பின்னாலை வாறன். வந்து ரெண்டு பேருமாச் சேந்து ஊரெல்லாம் சுத்திப் பாப்பம். நான் வாறதுக்கு முதல் நீ எல்லாத்தையும் பாத்து முடிச்சிடாதை, சொல்லிப்போட்டன்!" இவள் சிரித்துவிட்டாள். எழுந்து போய்விட்டாள். பின்னால் வந்த அண்ணனை ஏஜென்சிக்காரன் பாரிசோடு இறக்கிவிட்டான்.

அதைக் கேட்ட பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"அண்ணைக்குக் கேஸ் சரிவராட்டி?"

சொன்ன மறு நொடியே அந்த ஆற்று நாற்காலி எனக்குத்தான் பொருத்தம் என்று பட்டது. வசந்தி படலையின் கொழுக்கியில் கையை வைத்தாள். தூக்கினாள். இரும்பு கிறீச்சிட்டது. படலை தானாகவே ஒரு சாண் உள்ளே போனது. உள்ளேயிருந்து ஈர மண் வாசம் வந்தது.

அப்படியே நின்றாள். எனக்கு அப்போது, போய்விடுங்கள் என்றும் இருந்தது, போகாதீர்கள் என்றும் இருந்தது.

பிறகு படலையை இழுத்து, கொழுக்கியைப் பழையபடி போட்டாள்.

"நான் ஒரு இடத்தைத் தனியப் பாத்தனெண்டால், அவர் வரமாட்டாரெண்டு நானே தீர்ப்பு எழுதின மாதிரி. கொமிசியோன் எழுதட்டும். நான் எழுதமாட்டன்" என்றாள்.

ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாள். புட்டு, இரவே வைத்த முருங்கைக்காய்க் குழம்பு. படலைக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் உள்ளே போகவில்லை. என் வாழ்க்கையில் திறந்திருந்த ஒரு வழியில் நான் போகாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஆகவே அந்தத் தோட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

திரும்பி வரும் கப்பலில் குறிப்புப் புத்தகத்தை எடுத்தால், ஒரு வேடிக்கை. பேராலயத்தில் கண்டதையும் மற்ற இடங்களில் கண்டதையும் அதற்குள்ளேயே குழப்பிக்கொண்டிருந்தேன். எந்தக் கண்ணாடிச் சித்திரம் எங்கே? எந்தக் கல்லறை யாருடையது? அவளோ எந்தக் கதவில் எத்தனை ஆணி என்று சொல்வாள். அப்படியானால் அந்த ஊரைப் பார்த்தவர் யார், நானா, அவளா?

திங்கட்கிழமை காலை யோகன் அண்ணை கத்தரிக்காய்ப் பெட்டியோடு வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். காவலாளி, இரண்டு குடை, படலை, கொழுக்கி.

"நானோ?" என்றார். "நான் அப்பிடிச் சொன்னனானோ?"

மறந்தே போய்விட்டார்! தங்கையின் அழுகையை நிறுத்த வாய்க்கு வந்ததைச் சொன்ன பகிடி. அதை அவள் இரண்டரை வருடமாகச் சட்டமாக வைத்திருக்கிறாள். யோகன் அண்ணை மெல்லப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டேய், கத்தரிக்காய்க்கு மேலை இருக்காதை! சட்னியோ விக்கிறது?" என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். அண்ணை அசையவில்லை.

எனக்கு அவரைத் தேற்ற ஒரே வழிதான் தெரியும். குறிப்புப் புத்தகத்தை விரித்தேன். "இருங்கோ, நான் எல்லாம் விவரமாச் சொல்லுறன். பேராலயத்துக்குள்ளை போன உடனை —"

"நிப்பாட்டு!" என்றார். கையால் காதைப் பொத்திக்கொண்டார், உண்மையாகவே. "சொல்லாதை பிள்ளை. பேப்பரிலையும் எழுதாதை. நீ எழுதினா நான் வாசிப்பன். வாசிச்சா, அவளுக்கு முதல் நான் பாத்து முடிச்ச மாதிரி."

அதனால்தான் வாசகர்களே, இந்த வாரம் உங்களை ஒவ்வொரு இடத்திலும் வாசலோடு நிறுத்திவிட்டேன். பதினாறு பக்கக் குறிப்பு என் மேசையில் கிடக்கிறது. எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரிகிறதா?

நேற்று மறுபடி வந்தார். பெட்டியை இறக்கிவிட்டு, போகாமல் கல்லாவுக்கு முன்னால் நின்றார்.

"ஒண்டே ஒண்டு கேக்கட்டோ? மற்றது ஒண்டும் வேண்டாம்."

"கேளுங்கோ அண்ணை."

"உள்ளுக்கை... ரெண்டு பேர் பக்கத்திலை பக்கத்திலை நடக்க இடம் இருக்கோ?"

கண்ணை மூடி ஒவ்வொரு இடமாக யோசித்துப் பார்த்தேன். "இருக்கு. அந்த மேற்கு வாசல் கோபுரத்துப் படியிலை மட்டும் ஏலாது. ஒராளுக்குப் பின்னாலை ஒராள்தான் ஏறலாம்."

அண்ணை தலையாட்டினார். வெறும் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதிலை அவள் முன்னுக்குப் போகட்டும்" என்றார். "நான் பின்னாலை வாறன்."

வசந்தி அக்கா, இந்த இதழைத் தபாலில் உங்களுக்கும் அனுப்புகிறேன். அந்தக் கொழுக்கி அப்படியே இருக்கட்டும்.